கிட்டாரின் எளிய கார்டுகள்: ஆறு கம்பிகள், மூன்று சுவரங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழு நான்கு குரல்களில் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கிட்டாரைக் கையில் எடுக்கும் முன்பே கார்ட் என்றால் என்ன என்பது காதளவில் தெரிந்திருக்கும். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று பிரிந்து நிற்கும் குரல்கள் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுவரங்களில் பாடுகின்றன. அடியின் முடிவில் அந்தக் குரல்கள் நீண்டு நிற்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் ஒரு கார்ட்தான். குரல்கள் நான்கு என்றாலும் அந்த இடத்தில் ஒலிக்கும் சுவரங்கள் வழக்கமாக மூன்றே. நான்காவது குரல் அந்த மூன்றில் ஒன்றை வேறொரு ஸ்தாயியில் எடுத்துப் பாடுகிறது. கிட்டாரில் நான்கு குரல்களுக்குப் பதிலாக ஆறு கம்பிகள் இருக்கின்றன. அந்த ஆறுக்கும் சேர்த்து அதே மூன்று சுவரங்கள்தாம்.

இந்தச் செய்தியைச் சொல்லாமலேயே பல இடங்களில் கிட்டார் கற்பிக்கப்படுகிறது. ஆறு கோடுகள் போட்ட சிறு படத்தில் கறுப்புப் புள்ளிகள் வைத்து, புள்ளி உள்ள இடத்தில் விரலை வை என்று சொல்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அப்படிப் படித்தும் வாசிக்கலாம், பலர் வாசிக்கிறார்கள். ஆனால் சி மேஜர் எல்லாப் பாடத்திலும் இருக்க, சி மைனர் ஏன் ஆரம்பப் பாடத்தில் வருவதே இல்லை என்றோ, ஒரே கைவடிவம் ஓரிடத்தில் மேஜராகவும் பக்கத்துக் கம்பிக்கு நகர்த்தினால் மைனராகவும் ஒலிப்பது எதனால் என்றோ கேட்டால், புள்ளிகளை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் விடை இருக்காது. ஏழு சுவரங்களின் பெயர் தெரிந்த எந்தத் தமிழருக்கும் இவற்றை விளங்கவைக்க முடியும் என்பதால், இக்கட்டுரை சுவரத்திலிருந்தே தொடங்குகிறது.

மூன்று சுவரங்கள் எவை

ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுவரஸ்தானங்கள் உண்டு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள், அதாவது ஃப்ரெட்டுகள், வீணையின் மெட்டுகள் செய்யும் வேலையையே செய்கின்றன: ஒரு ஃப்ரெட் மேலேறினால் ஒரு சுவரஸ்தானம் மேலேறுகிறோம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் அதிரும் நீளம் சரிபாதியாகிறது. அங்கே மேல் ஸ்தாயியின் அதே சுவரம் ஒலிக்கும். அதிரும் கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டராக உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் இடம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் அகலமானது. உடற்பகுதியை நோக்கிப் போகப்போக இந்த இடைவெளி குறுகும். ஆரம்பக் கார்டுகள் எல்லாமே அகலம் மிகுந்த முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் இருப்பதால், சிறு பிள்ளைகளின் கைக்கு முழு அளவுக் கிட்டாரைவிட முக்கால் அளவுக் கிட்டார் பொருந்துகிறது.

ஏதாவது ஒரு சுவரத்தைச் ச என்று வைத்துக்கொண்டு, அதனோடு அந்தர காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலித்தால் அது மேஜர் கார்ட். அதே ச, அதே ப, ஆனால் காந்தாரம் மட்டும் ஒரு ஸ்தானம் இறங்கிச் சாதாரண காந்தாரமானால் அது மைனர் கார்ட். ஃப்ரெட் கணக்கில், ச-விலிருந்து நான்கு ஃப்ரெட் தள்ளி மேஜரின் காந்தாரம், மூன்று தள்ளி மைனரின் காந்தாரம், இரண்டிலும் ஏழு தள்ளிப் பஞ்சமம். டானிக் சால்ஃபா முறையில் பாடிப் பழகியவர்கள் இதையே டோ, மி, சோ என்று எண்ணிக்கொள்ளலாம். தம்புராவின் கம்பிகள் வழக்கமாகப் பஞ்சமத்திலும் சட்ஜத்திலும் மட்டுமே கூட்டப்படுகின்றன. காந்தாரத்துக்கென்று கம்பி இல்லாததால்தான் அதே தம்புராவை வைத்துக்கொண்டு அந்தர காந்தாரம் உள்ள சங்கராபரணமும் பாட முடிகிறது, சாதாரண காந்தாரம் உள்ள கரகரப்பிரியாவும் பாட முடிகிறது. கிட்டாரில் காந்தாரத்துக்கு விரல் வைத்த மறுகணமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். ஆகவே ஒரு கார்டைக் கற்கும்போது கவனம் செல்லவேண்டிய இடம் காந்தாரம் இருக்கும் கம்பி.

கார்டுகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிடுகிறார்கள். சுருதியின் உயரத்தை எண்ணால் சொல்லும் கட்டைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சிரமம் தராது: சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு, இடையில் வரும் ஷார்ப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஜி மேஜர் என்றால் ஐந்து கட்டையைச் ச-வாக வைத்து எழுப்பிய மேஜர் கார்ட் என்று பொருள். இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: பாட்டுக்கு ஒரு ச உண்டு, ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியே ஒரு ச உண்டு. கிரக பேதம் என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு புதிதல்ல. மற்றவர்கள் இப்போதைக்குக் கார்டின் ச-வை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

சுருதியும் கம்பியும்

மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. கிட்டாரை மடியில் வைத்தால் ஆறாவது கம்பி மேலே, முகத்துக்கு அருகே இருக்கும்; ஆனால் ஒலியில் அதுவே தாழ்ந்தது. "மேல் கம்பி", "கீழ்க் கம்பி" என்று யாராவது சொன்னால், இடத்தைச் சொல்கிறார்களா, ஒலியைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எண்ணால் சொல்வது அதைவிட நல்லது. ஆறாவதிலிருந்து முதலாவது வரை கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. கட்டையில் சொன்னால் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மீண்டும் மூன்று. அதிர்வெண் கணக்கில் ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 110, நான்காவது 146.8, மூன்றாவது 196, இரண்டாவது 246.9, முதலாவது 329.6. அடுத்தடுத்த கம்பிகளுக்கிடையே ஐந்து ஸ்தான இடைவெளி இருக்கிறது. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மட்டும் நான்குதான். இந்தச் சிறு விதிவிலக்கு பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறது.

சுருதி சேர்க்கக் கைபேசியில் ட்யூனர் செயலி இருந்தால் போதும். காது கூர்மையானவர்கள், குறிப்பாகப் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள், ட்யூனரை நம்பாமல் ஒரு கார்டை மீட்டி அது இனிமையாக ஒலிக்கும்வரை முறுக்காணியைத் திருப்புவதுண்டு. அது ஆபத்தான பழக்கம். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் பன்னிரண்டு ஸ்தானங்களையும் சுருதிக் கணக்கில் சம இடைவெளியாகப் பங்கிட்டு வைத்திருப்பதால், அதன் அந்தர காந்தாரம் குரலில் இயல்பாக வரும் காந்தாரத்தைவிடச் சற்றே உயர்ந்தது. ஈ மேஜருக்காக மூன்றாவது கம்பியைத் தளர்த்தி இனிமையாக்கினால், அதே கம்பி விரல் அழுத்தாமல் திறந்த நிலையில் ஒலிக்கும் சி மேஜர் கெட்டுவிடும். எல்லாக் கார்டுகளும் சமமாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கார்டிலும் கொஞ்சம் இனிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதே வழி.

நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று எஃகுக் கம்பிகளை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி விரல் நுனியை அரத்தைப்போல் அராவும், சுருதியும் நிற்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே பிடித்துத் துடைத்து, கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் உறைக்குள் வைத்தால் கம்பிகள் கூடுதல் நாள் உழைக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கு பெய்வதால், ஈரம் ஏறிய பலகை உப்பிக் கம்பிகள் கழுத்திலிருந்து உயர்ந்துபோவதும் உண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் வசதியாக அழுத்தலாம். நான்கைந்து மில்லிமீட்டர் இருந்தால், விரல் வலிப்பதற்குக் காரணம் நீங்கள் அல்ல, கிட்டார்தான். அதைச் சரிசெய்து தரத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் பயிற்சியைத் தொடங்குங்கள். கம்பி வாங்கும்போது முதல் கம்பி 0.010 அங்குலம் உள்ள எக்ஸ்ட்ரா லைட் தொகுப்பைக் கேட்டு வாங்குவது, 0.012 அங்குல லைட் தொகுப்பைவிட விரலுக்கு இதமாக இருக்கும். நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் அதனினும் மென்மையானது. ஆனால் அதில் எஃகுக் கம்பியைப் பூட்டக் கூடாது, அந்த இழுவிசையை அதன் உடல் தாங்காது.

முதல் கார்ட்

ஈ மைனரில் தொடங்குவது வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்கு மாறுபாடு இல்லை. இடக்கை நடுவிரலை ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை நான்காவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும் வைத்தால் முடிந்தது. மற்ற நான்கு கம்பிகள் திறந்தே ஒலிக்கும். விரல் ஃப்ரெட் பட்டையின் மேலே ஏறிவிடக் கூடாது. இரண்டு பட்டைகளின் நடுவிலும் நிற்கக் கூடாது. இரண்டாவது பட்டையை ஒட்டினாற்போல், அதற்குச் சற்றுப் பின்னால் நிற்கவேண்டும். பட்டையிலிருந்து விலக விலக, கம்பி பட்டையில் உறுதியாக அமர அதிக அழுத்தம் தேவைப்படும். அழுத்தம் போதாதபோதுதான் "ங்ர்ர்" என்ற நடுக்க ஒலி எழுகிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலின் கடைசிக் கணு செங்குத்தாக நின்று, நுனி மட்டும் கம்பியைத் தொடவேண்டும். சதைப் பகுதி சாய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் அந்தக் கம்பி ஊமையாகிவிடும்.

இப்போது ஆறு கம்பிகளையும் ஒரேயடியாக மீட்டாமல், ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். ஈ, பி, ஈ, ஜி, பி, ஈ. மூன்று கட்டையைச் ச-வாகக் கொண்டால் ச, ப, ச, க, ப, ச. ஆறு கம்பிகளில் ச மூன்று முறை, ப இரண்டு முறை. காந்தாரம் ஒரே ஒரு முறை, அதுவும் திறந்த மூன்றாவது கம்பியில். அந்த மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள். மற்ற இரண்டு விரல்களும் அசையவேண்டாம். காந்தாரம் ஒரு ஸ்தானம் ஏறி அந்தர காந்தாரமாகிவிட்டது, ஈ மைனர் ஈ மேஜராகிவிட்டது. ஆள்காட்டி விரலை எடுத்தும் வைத்தும் மாறிமாறி மீட்டினால், மைனர் மேஜர் வேறுபாடு முழுவதும் அந்த ஒரு விரலுக்குள் அடங்கியிருப்பது தெரியும். மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று சொல்லிக்கொடுப்பதைவிட இப்படிக் காதால் பிரித்தறிவது நல்லது. துள்ளலான மைனர் பாட்டுகளும் உருக்கமான மேஜர் பாட்டுகளும் நமக்கு எத்தனையோ தெரியும்.

முதல் சில வாரங்கள் விரல் நுனிகள் வலிக்கும். தோல் தடித்ததும் வலி தானே போய்விடும். ஒரு நாளில் ஒரு மணி நேரம் தொடர்ந்து அழுத்தித் தோலைக் கிழித்துக்கொள்வதைவிடக் காலையும் மாலையும் பதினைந்து நிமிடங்கள் வாசிப்பதே பயனுள்ளது.

இரண்டே வரிசைகள்

ஈ மேஜரின் மூன்று விரல்களையும் வடிவம் கலையாமல் மெல்லிய கம்பிகளின் பக்கம் ஒரு கம்பி நகர்த்துங்கள். நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட். ஐந்தாவது கம்பியிலிருந்து கீழ்நோக்கி மீட்டினால் ஏ, ஈ, ஏ, சி, ஈ. அதாவது ச, ப, ச, க, ப. ஆறாவது கம்பியை விட்டுவிடுகிறோம். அது தவறிப்போய் ஒலித்தாலும் அது பஞ்சமம்தான் என்பதால் பெரிய கேடில்லை. ஆனால் இது ஏ மேஜர் அல்ல, ஏ மைனர். வடிவம் மாறாதபோது காந்தாரம் ஏன் இறங்கியது? முன்னே சொன்ன விதிவிலக்குதான் காரணம். மூன்றாவதிலிருந்து இரண்டாவது கம்பிக்குப் போகும்போது ஐந்து ஸ்தானத்துக்குப் பதில் நான்குதான் ஏறுகிறோம். அந்த ஒரு ஸ்தானக் குறைவைக் காந்தாரம் சுமக்கிறது. இரண்டாவது கம்பியிலும் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஏ மேஜர் வந்துவிடும்; அப்போது நான்கு, மூன்று, இரண்டு ஆகிய மூன்று கம்பிகளிலும் இரண்டாவது ஃப்ரெட்டில் மூன்று விரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

டி மேஜர் நான்கு கம்பிகளுக்கானது. ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும், மோதிர விரல் இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும், நடுவிரல் முதல் கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும் நிற்க, திறந்த நான்காவது கம்பியிலிருந்து மீட்டினால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப். சுவரத்தில் ச, ப, ச, க. ஈ, ஏ, டி என்ற மூன்று கார்டுகளும் கைக்கு மூன்று வேறு வடிவங்கள்; ஆனால் ச, ப, ச, க என்று ஒரே வரிசையில் ஏறுபவை.

சி மேஜரும் ஜி மேஜரும் வேறு குடும்பம். ஏ மைனர் பிடித்த கையில் மோதிர விரலை மட்டும் மூன்றாவது கம்பியிலிருந்து எடுத்து ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்தால் சி மேஜர் கிடைக்கும். ஐந்தாவது கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, சி, ஈ. ச, க, ப, ச, க. இங்கே ச-வை அடுத்து உடனே காந்தாரம் வருகிறது. ஜி மேஜருக்கு மோதிர விரல் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும், நடுவிரல் ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலும், சுண்டுவிரல் முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும் நிற்கவேண்டும். நடுவில் மூன்று கம்பிகள் திறந்திருக்கும். ஜி, பி, டி, ஜி, பி, ஜி. ச, க, ப, ச, க, ச. சியின் வரிசையேதான், மேல் ச ஒன்று கூடியிருக்கிறது.

ஆக, ஆரம்பப் பாடத்தின் ஐந்து மேஜர் வடிவங்களும் ச-ப-ச-க, ச-க-ப-ச என்ற இரண்டு வரிசைகளுக்குள் அடங்குகின்றன. முதல் குடும்பத்துக்கு எளிய மைனர்கள் இருக்கின்றன: ஈ மைனர், ஏ மைனர், டி மைனர். டி மைனருக்கு முதல் கம்பியின் காந்தாரத்தை இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து முதலாவதுக்கு இறக்கினால் போதும், விரல்களை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது குடும்பத்தில் அந்த வசதி இல்லை. சி மேஜரில் ஒரு காந்தாரம் திறந்த முதல் கம்பியில் இருக்கிறது. ஜி மேஜரில் ஒன்று திறந்த இரண்டாவது கம்பியில் இருக்கிறது. திறந்த கம்பியை அதற்கும் கீழே இறக்க எந்த விரலாலும் முடியாது. சி மைனரும் ஜி மைனரும் ஆரம்பப் பாடத்தில் வராததற்கு அவை ஏதோ கடினமான கார்டுகள் என்பது காரணமல்ல; காந்தாரம் திறந்த கம்பியில் அகப்பட்டுக்கொண்டது என்பதே காரணம்.

மூன்று கார்டுகளில் ஏழு சுவரங்கள்

"மூன்று கார்ட் தெரிந்தால் நூறு பாட்டு வாசிக்கலாம்" என்று கிட்டார்காரர்கள் சொல்வதை மிகை என்று நினைக்கவேண்டாம். சங்கராபரண வழியில் அமைந்த ஒரு மெட்டுக்கு ஐந்து கட்டையில் சுருதி வைத்துக்கொள்வோம். பாட்டின் ச-வின் மேல் கட்டிய கார்ட் ஜி மேஜர்: அதில் இருப்பவை ச, க, ப. மத்தியமத்தின் மேல் கட்டியது சி மேஜர்: ம, த, மேல் ச. பஞ்சமத்தின் மேல் கட்டியது டி மேஜர்: ப, நி, மேல் ரி. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஏழு சுவரங்களும் வந்துவிட்டன. மெட்டு எந்தச் சுவரத்தில் நின்றாலும் அதைத் தாங்க இந்த மூன்றில் ஒன்று இருக்கும். தாளத்தின் அழுத்தமான அடியில் மெட்டு க-வில் நின்றால் ஜி மேஜர். த-வில் நின்றால் சி மேஜர். ரி-யிலோ நி-யிலோ நின்றால் டி மேஜர். ச-வுக்கும் ப-வுக்கும் இரண்டிரண்டு கார்டுகள் பொருந்தும் என்பதால் அங்கே காதைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் எல்லாரும் பாடும் "சைலண்ட் நைட்" இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான பாட்டு. அது கிட்டாருக்காகவே பிறந்தது என்றும் சொல்லலாம்: ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் 1818 டிசம்பர் 24 அன்று அது முதன்முதலாகக் கிட்டார் துணையோடுதான் பாடப்பட்டது, சொற்கள் பாதிரியார் யோசெஃப் மோர் எழுதியவை, இசை ஃபிரான்ஸ் குரூபர் அமைத்தது. மெட்டு ப, த, ப, க என்று தொடங்கி அதையே ஒருமுறை திரும்பச் சொல்கிறது. த இடையில் வந்து போனாலும் நிற்பது ப-விலும் க-விலும், ஆகவே அதுவரை ஜி மேஜர். மூன்றாவது சொற்றொடரில் மேல் ரி, ரி, நி என்று மெட்டு எழுகிறது. ரி-யும் நி-யும் ஒன்றாக இருக்கும் கார்ட் டி மேஜர் மட்டுமே. அடுத்து மேல் ச, ச, ப என்று இறங்கும்போது மீண்டும் ஜி. அதன்பின் த, த, மேல் ச, நி, த என்று வரும் அடிக்குச் சி மேஜர். அதைத் தொடரும் ப, த, ப, க-வுக்கு ஜி. இந்த இரண்டும் இன்னொரு முறை. பிறகு ரி, ரி, ம, ரி, நி என்று உச்சத்துக்கு ஏறும் இடத்தில் டி, ச-விலும் க-விலும் ஜி. கடைசி அடியில் ச, ப, க என்பதற்கு ஜி, ப, ம, ரி என்று இறங்கும் ஒரு தாளக்கட்டுக்கு டி, ச-வில் வந்து அமரும்போது ஜி. பாட்டு முடிந்தது, நான்காவது கார்ட் தேவைப்படவே இல்லை.

இன்னும் கொஞ்சம் நிறம் வேண்டும் என்றால், நீண்ட நேரம் ஜி ஒலிக்கும் இடத்தில் ஈ மைனரை இடையே செருகலாம். இரண்டுக்கும் ஜி, பி ஆகிய இரு சுவரங்கள் பொது. சியும் ஏ மைனரும் அதே உறவுக்காரர்கள். ஆனால் எல்லா மெட்டுகளும் கார்டுக்கு இடம் கொடுக்கும் என்று எண்ணக் கூடாது. கமகம் நிறைந்த தோடி போன்ற ராகத்தில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைந்துகொண்டே இருக்கும் சுவரத்தின் கீழே அசையாத ஒரு காந்தாரத்தை வைத்தால் இரண்டும் உரசும். அத்தகைய பாட்டில் தம்புராவைப்போல் ச, ப மட்டும் மீட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கார்டிலிருந்து கார்டுக்கு

தனித்தனியே எல்லாக் கார்டும் பிடிக்கத் தெரிந்த பிறகு, மாறும்போது தாளம் நின்றுவிடுவதுதான் அடுத்த இடைஞ்சல். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாக வைப்பதே இதற்குக் காரணம். எடுக்கும்போது எல்லாம் ஒன்றாக எழவேண்டும், காற்றிலேயே அடுத்த வடிவத்துக்கு மாறவேண்டும், ஒன்றாக இறங்கவேண்டும். சியிலிருந்து ஜிக்குப் போகும்போது, மேலே சொன்ன விரலமைப்பில், மோதிர விரலும் நடுவிரலும் அதே ஃப்ரெட்டுகளில் ஒரு கம்பி மட்டும் தடித்த பக்கமாக நகர்கின்றன. ஆள்காட்டி விரல் எழுகிறது, சுண்டுவிரல் இறங்குகிறது. ஏ மைனரிலிருந்து சிக்கு ஒரே விரல். இந்த உறவுகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜியிலிருந்து டிக்கு மட்டும் இப்படி எந்தச் சலுகையும் இல்லை. அதைத் தனியே எடுத்து, நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில், நான்கு அடிக்கு ஒரு மாற்றமாகப் பழகவேண்டும். கார்ட் தெளிவாக விழாவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. பாடுகிறவர்கள் மங்கலாக ஒலித்த கார்டைப் பொறுத்துக்கொள்வார்கள், தாளம் நின்றால் பொறுக்கமாட்டார்கள்.

வலக்கைக்கு ஆரம்பத்தில் கீழ்நோக்கிய மீட்டல் மட்டும் போதும். முன்சொன்ன கிறிஸ்துமஸ் பாட்டு மூன்றடித் தாளத்தில் நடப்பதால், முதல் அடிக்குக் கார்டின் ச இருக்கும் கம்பியை மட்டும் தட்டி, அடுத்த இரண்டு அடிகளுக்கு மெல்லிய கம்பிகளை மீட்டலாம். ஜிக்கு ஆறாவது கம்பி, சிக்கு ஐந்தாவது, டிக்கு நான்காவது. பாஸ் பாடுகிறவர்கள் செய்யும் வேலையை அப்போது உங்கள் கட்டைவிரல் செய்கிறது.

குழுவுக்கு ஐந்து கட்டை ஒத்துவரவில்லை என்றால் கார்டுகளை மாற்றி எழுதிக்கொள்ளத் தேவையில்லை. காப்போ என்ற கவ்வியை ஃப்ரெட்டில் பூட்டினால் ஆறு கம்பிகளும் ஒரேயடியாக உயரும். விரல் வடிவங்கள் அப்படியே இருக்கும். முதல் ஃப்ரெட்டில் பூட்டி ஜி குடும்பத்தை வாசித்தால் ஐந்தரைக் கட்டை, இரண்டாவதில் ஆறு கட்டை. நான்கு கட்டைக்கு இறங்கவேண்டும் என்றால், காப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்து டி, ஜி, ஏ மேஜர் வடிவங்களை வாசிக்கவேண்டும். இதனால் விரல் முழுவதையும் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்தவேண்டிய எஃப் மேஜரை இன்னும் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம். அதற்குள் சி கட்டையில் ஒரு பாட்டு வந்து எஃப் கேட்டுவிட்டால், மோதிர விரலை நான்காவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும், நடுவிரலை மூன்றாவது கம்பியின் இரண்டாவதிலும், ஆள்காட்டி விரலை இரண்டாவது கம்பியின் முதலாவதிலும் வைத்து, முதல் கம்பியைத் திறந்துவிட்டு, மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். எஃப், ஏ, சி என்ற மூன்று சுவரங்களோடு ஈ என்ற நிஷாதமும் சேர்ந்து ஒலிக்கும். எஃப் மேஜர் செவன் என்பது அதன் பெயர், பெரும்பாலான பாட்டுகளில் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.